பாதுஷாவுக்கு இரண்டு கோடு

பாலக்கரையில் எங்கள் தெருக்காரர்கள் இன்னமும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பூனைக்குச் சர்க்கரை வியாதி வருமா என்பது ஒன்று. பூனையால்தான் உங்க வீட்டுக்காரருக்குக் கால் போச்சாமே என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, வரும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கணவர் அப்துல் ரஜாக் பெரிய கடை வீதியில் குடைக்கடை வைத்திருந்தார். அவருடைய தம்பி ஹனீபாவும் அதே கடையில்தான் இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடமே என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறதாம். சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும்போது, அதை உடம்புக்குப் பயன்படும்படி செய்ய அந்த உறுப்பு இன்சுலின் என்றொரு சாற்றைச் சுரக்க வேண்டுமாம். அவருக்கு அது சுரக்கவில்லை. ரத்தம் முழுக்கச் சர்க்கரை, ஆனால் உடம்புக்குப் பட்டினி. எவ்வளவு சாப்பிட்டாலும் இளைத்துக்கொண்டே போனார். அன்று முதல் இன்சுலினைக் குப்பியில் வாங்கித் தினமும் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டில் ஸ்பிரிட் விளக்கு எரியும். கண்ணாடி ஊசியையும் முனையையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பேன். அவருடைய சிறுநீரில் சில சொட்டு எடுத்து, நீல நிற மருந்துத் தண்ணீரில் விட்டு, கண்ணாடிக் குழாயை விளக்கில் காட்டுவார். நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் கூடுதல். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் நிலைமை மோசம். பிறகு ஊசியில் நாற்பது கோடு வரை மருந்தை இழுத்துத் தானே தொடையில் குத்திக்கொள்வார். ஒரு குப்பி அவருக்குப் பத்து நாள் வரும். எங்கள் வீட்டில் குளிர்பெட்டி கிடையாது. குப்பியைத் தகர டப்பாவில் வைத்து, ஈர மணல் நிரப்பிய பானையில் புதைத்து வைத்திருப்போம்.

பாதுஷா எங்கள் பூனை. செம்பட்டை நிறம், பெரிய தலை, ஆண். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பூனையைப் பிள்ளையாக வளர்த்தோம் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவர் அதை அதட்டுவார், மீன் தலையைத் தூக்கிப் போடுவார், அவ்வளவுதான். அதற்கும் வியாதி வந்த பிறகுதான் அதன்மேல் அவருக்கு வேறு மாதிரி ஒரு பிடிப்பு வந்தது.

அந்த வருடம் கோடையில் பாதுஷா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. பூனை எப்போதாவது நாலு வாய் நக்கும். இது குளியலறைத் தொட்டியில் தலையை விட்டால் எடுக்காது. மீனைத் தின்றுவிட்டு மறுபடி வந்து காலைச் சுற்றும். ஆனாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. நடையும் மாறிப்போனது. பூனைகள் பின்னங்கால் விரல்களில்தான் நடக்கும். இது குதிங்காலைத் தரையில் பதித்து, ஏதோ வழுக்கும் இடத்தில் நடப்பதுபோல் நடந்தது. கிணற்றடி மூலையில் அது போய்வரும் மணலில் ஒருநாள் எறும்பு சாரை சாரையாக மொய்த்திருந்தது. அதைக் காட்டுவதற்காக அவரைக் கூப்பிட்டேன்.

வந்து குனிந்து பார்த்தார்.

"இது என் வியாதி, சுபைதா," என்றார்.

"பூனைக்கா? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ அந்த மணலை அள்ளிட்டு ஒரு தட்டு வை."

மணலுக்குப் பதில் கழுவிய சல்லியைத் தட்டில் பரப்பினேன். சல்லி ஈரத்தை உறிஞ்சாது. தட்டைச் சாய்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் தேங்கியது. அதை எடுத்து நீல மருந்தில் விட்டுக் கொதிக்கவைத்தார். நீலம் நின்று நிதானிக்கவே இல்லை, நேராகச் செங்கல் நிறத்துக்குப் போனது. அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்தில் வரதன் என்று ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் வீட்டிலேயே மாடுகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, பாதுஷாவை மூங்கில் கூடையில் வைத்துக் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனோம். காவேரிப் பாலம் முழுக்க அது கத்திக்கொண்டே வந்தது. டாக்டர் வீட்டு வாசலில் நாமம் போட்ட பெரியவர்கள் இரண்டு பேர் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நாங்கள் தயங்கி வெளியிலேயே நின்றோம்.

"உள்ளே வாங்கோ பாய். ஏன் வெயில்ல நிக்கறேள்?" என்று அவரே கூப்பிட்டார்.

என் கணவர் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. கூடையைத் திறந்து, பூனையின் தோலைக் கழுத்தில் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்றார். வாயை முகர்ந்தார்.

"நாய்க்கு வந்து ரெண்டு மூணு பார்த்திருக்கேன். பூனைக்குப் படிச்சதோட சரி," என்றார். "ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். ஆனா எங்கிட்ட அதுக்கு வசதி கிடையாது. டவுன்ல லேப்ல கொடுக்கணும்."

பூனையை என் மடியில் வெகுநேரம் உட்காரவைத்தார். பயந்துபோன பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறிவிடும், அது அடங்கட்டும் என்றார். பிறகு கழுத்து ரத்தக்குழாயில் எடுத்துச் சின்ன சீசாவில் நிரப்பினார். சூடு படாமல் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கோ என்று ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார். என் கணவர் சீசாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்.

லேபில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேஷண்ட் பேரு?"

"பாதுஷா."

"வயசு?"

"ஏழு."

அவர் பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார். "அடடா. சின்னப் பிள்ளையாச்சே," என்றார். அது பூனை என்று நாங்கள் இருவரும் திருத்தவில்லை. மறுநாள் முடிவைக் கொடுக்கும்போது, "தைரியமா இருங்கம்மா. இப்பல்லாம் ஊசி இருக்கு," என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்காக என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் வரதன் மூன்று விஷயம் சொன்னார். தினமும் காலையில் இரண்டு கோடு இன்சுலின், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போகக் கூடாது. சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடாத அன்று ஊசி கிடையாது. இன்சுலின் அதிகமாகிவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மூளைக்குத் தீனியில்லாமல் வலிப்பு வந்து செத்துப்போகும். சர்க்கரை ஏறினால் மெதுவாகக் கொல்லும், இறங்கினால் கண்முன்னால் கொல்லும் என்றார். இது எங்களுக்குப் புதிதில்லை. என் கணவருக்கே இரண்டு தடவை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். வெல்லத்தைக் கரைத்து ஊற்றித்தான் மீட்டேன்.

அதன் பிறகு காலை வேலை இரண்டானது. இரண்டு குழாய் விளக்கில் காயும். முதலில் பூனைக்கு மீன் வைப்பார். அது தின்று முடித்ததும் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்துவார். பாதுஷா முதல் வாரம் பிராண்டியது. பிறகு ஊசியைக் கொதிக்கவைக்கும் சத்தம் கேட்டதும் தானே வந்து உட்கார ஆரம்பித்தது. ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்: "பதினஞ்சு வருஷமா இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் இதைக் குத்திக்கிட்டிருந்தேன், சுபைதா." அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதைத் தன்னைப் போன்ற இன்னொரு நோயாளியாகப் பார்த்தார்.

செங்கல் நிறம் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாயிற்று. பூனை உடம்பு தேறியது. பின்னங்கால் மெல்ல நிமிர்ந்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பே பழையபடி சுவரேறிக் குதித்து வெளியே போய்வர ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் சல்லித் தட்டில் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடும். சோதித்துப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. பூனை பூனையாக ஆகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இரண்டு கோடு தொடர்ந்தது.

அப்போதுதான் இன்சுலின் கிடைக்காமல் போனது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய மருந்து வரவில்லை என்றார் மருந்துக்கடைக்காரர். இன்று வரும், நாளை வரும் என்றார். உறையூர், கன்டோன்மென்ட் என்று என் கணவர் எல்லாக் கடையிலும் விசாரித்தார். மதராஸில் கிடைக்கலாம் என்று சொன்னார்கள். அது ஐப்பசி மாதம். வருடம் முழுக்கக் குடைக்கடையில் ஈ ஓட்டுவோம், ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வியாபாரம். ஆளை அனுப்பினால் கடையில் கை போதாது. "இந்த மழை ஓயட்டும், போகலாம்," என்றார். வீட்டில் இருந்தது ஒரே குப்பி.

நான்தான் தினமும் மணல் பானையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுப்பவள். பத்து நாளில் தீர வேண்டிய குப்பி பத்தாவது நாளும் பாதிக்கு மேல் இருந்தது. முதலில் அல்லாவின் பரக்கத், அவன் பெருக்கித் தந்த அருள் என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. எழுந்தால் சொம்பு, உட்கார்ந்தால் சொம்பு என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய குழாயைக் கழுவிவைக்கும் வேலையைச் சில நாட்களாக அவரே செய்துவிடுகிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு போட்டுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன?"

"மருந்து. எவ்வளவு போட்டுக்கிறீங்க?"

"பாதி," என்றார். கொஞ்சம் கழித்து, "சில நாள் பாதிக்கும் கீழ," என்றார்.

"பாதுஷாவுக்கு?"

"அதுக்கு ரெண்டு கோடு."

"அதைக் குறைக்கலையா?"

"ரெண்டு கோட்டுல எதைக் குறைக்கிறது?"

"நிறுத்திடுங்க. இன்னிக்கே நிறுத்திடுங்க."

"நிறுத்தினா செத்துடும், சுபைதா. நான் பாதியில சமாளிச்சுடுவேன். எனக்கு இது பழகின வியாதி."

அன்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். நேராகக் கடைக்குப் போய் ஹனீபாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த குடையைக் கீழே வைத்துவிட்டு, அன்று மாலை ரயிலுக்கே மதராஸுக்குக் கிளம்பினார். என் கணவர் மறுநாள் காலை என் எதிரிலேயே முழு நாற்பது கோடு போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டிருந்தது. அவர் என்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. செருப்பு ஆணி குத்தி வலது பெருவிரலுக்கு அடியில் புண் ஆகியிருந்தது. இந்த வியாதி பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி மரத்துப்போகும். ஆணி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. மழைத் தண்ணீரில் நடந்து நடந்து புண் சீழ் வைத்துவிட்டது. சீழ் இருக்கும் உடம்புக்கு இன்சுலின் வழக்கத்தைவிட அதிகம் வேண்டுமாம். அவர் பாதி போட்டுக்கொண்டிருந்தார்.

முழு ஊசி போட்ட அன்றே மத்தியானம் கடையில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஜட்காவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் போனபோது கட்டிலில் மூச்சு முட்ட முட்ட இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மூச்சில் அழுகிய பழ வாசனை. சர்க்கரையை உடம்பால் எரிக்க முடியாதபோது கொழுப்பை எரிக்கும், அதனால் ரத்தத்தில் ஒருவகை அமிலம் சேர்ந்துவிடும், அந்த அமிலத்தின் வாசனைதான் இது என்று வார்டு டாக்டர் பிற்பாடு விளக்கினார். அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"இன்சுலினை நிறுத்தினாரா?"

"குறைச்சாரு."

"ஏன்?"

தட்டுப்பாடு என்றேன். பூனையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

கையில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மணிக்கொரு தரம் குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்து இன்சுலின் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் உள்நோயாளிகளுக்கு மருந்து கையிருப்பு இருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துவிடும். உப்பிலியபுரத்திலிருந்து ஒரு பெண், வயலில் பாம்பு கடித்த புருஷனோடு வந்திருந்தாள். என் கையில் ஒன்றுமில்லை என்று பார்த்துத் தன் தூக்குச்சட்டியிலிருந்து பழையதைப் பிழிந்து என் கையில் வைத்தாள். அடுத்த நாள் அவளுடைய இடம் காலியாக இருந்தது. யாரிடமும் கேட்கப் பயந்து நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. ஹனீபா மதராஸிலிருந்து இரண்டு குப்பியோடு வந்து சேர்ந்தார். கட்டிலில் அண்ணனைப் பார்த்தார், குப்பிகளை என் கையில் கொடுத்தார், வராந்தாத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"பூனைக்குக் கொடுத்துட்டு அண்ணன் சாகக் கிடக்குறாரு," என்றார். "அந்தச் சனியனை இன்னிக்கே காவேரியில விட்டுடறேன் அண்ணி."

நான் மறுத்துப் பேசவில்லை. என் மனசிலும் அதுதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்தது. தண்ணீர் கேட்டார். வாயை நனைத்துவிட்டு நான் குளித்து வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். பாதுஷா வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக அதற்கு ஊசி இல்லை. பக்கத்து வீட்டில் ஏதோ போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் உள்ளே போனதும் கை பழக்கமாக விளக்கை ஏற்றியது. அவர் இன்னும் கொஞ்சம் தெளிந்ததும் முதலில் இதைத்தான் கேட்பார் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து இருக்கிறது, பழைய குப்பியில் இன்னும் மிச்சம் இருக்கிறது, இனி இதனால் யாருக்கும் குறையப்போவதில்லை என்று நினைத்து, மீன் வைத்து, அது தின்றதும் இரண்டு கோடு போட்டேன்.

குளித்துவிட்டு, சமைத்து எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம், அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம். பாதுஷா பக்கவாட்டில் விழுந்து நாலு காலையும் விறைத்து உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. முன்பு சர்க்கரை இறங்கி என் கணவர் விழுந்தபோது அவர் முகத்தில் பார்த்ததேதான். சர்க்கரை இறங்கிவிட்டது. தேன் பாட்டிலை எடுத்து விரலில் தொட்டுத் தொட்டு அதன் ஈறில் தேய்த்தேன். பல் என் விரலில் இறங்கியது. அப்படியும் எடுக்கவில்லை. உதைப்பது மெல்ல நின்றது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு நாக்கு அசைந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துப்போக வந்த ஹனீபா வாசலிலேயே நின்று பார்த்தார். என் விரலில் ரத்தமும் தேனும் வழிந்தன. இதே பூனையைக் காவேரியில் விடுவேன் என்ற மனுஷன், ஒன்றும் கேட்காமல் தன் சட்டையைக் கழற்றி அதில் பூனையைச் சுற்றினார்.

"ஸ்ரீரங்கம்தானே? ஜட்கா பிடிக்கிறேன், வாங்க," என்றார்.

டாக்டர் வரதன் பூனையைப் பார்த்தார். தொடையில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார். அடிவயிற்றை மெல்ல அமுக்கிச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார். இரண்டு நாள் ஊசி இல்லாமல் இருந்த பூனை, இன்று காலை ஒரு தடவைதான் போட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் செங்கல் நிறம்தான் வர வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தது. அவர் நம்பாமல் இன்னொரு தடவை செய்தார். அப்போதும் நீலம்தான்.

"இதை இங்கே விட்டுட்டுப் போங்கோ," என்றார். "ஊசி போடாம சில நாள் பார்க்கணும். மாட்டுக் கொட்டாய்ல கட்டி வைக்கறேன். ஒண்ணுதான், எங்காத்துல மீன் வராது."

"மீன் நான் கொண்டாந்துடறேன்," என்றார் ஹனீபா.

அப்படியே செய்தார். அந்த வாரம் முழுக்க, கொட்டும் மழையில், அவித்த மீனைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி சைக்கிளில் போய்வந்தார். குடைக்கடைக்காரர் குடை பிடிக்க ஒரு கை இல்லாமல் நனைந்துகொண்டு போனார். அவருடைய மனைவி எனக்கும் என் கணவருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினாள். அதற்காக இவர்களுக்கு நான் என்ன செய்துவிட முடியும்?

ஆஸ்பத்திரியில் இன்னொரு விஷயம் முற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, கால் வரவில்லை. பெருவிரல் கறுத்தது. பக்கத்து விரலும் கறுத்தது. ஒருநாள் காலை கட்டை அவிழ்த்தபோது கணுக்கால் வரை தோல் ஊதா நிறமாகியிருந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. ரத்தக்குழாய்கள் அடைபட்டு, சதை உயிரோடு அழுகுகிறது என்று அறுவை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும்மா. தள்ளிப் போட்டா மேலே ஏறும். அப்புறம் உயிருக்கே ஆபத்து."

சம்மதக் கையெழுத்தை என் கணவரே போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாதுஷா எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லாயிருக்கு, டாக்டர் வீட்டில் இருக்கு என்று மட்டும் சொன்னேன். ஹனீபா ரத்தம் கொடுத்தார். அறுவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் என் முந்தானையைப் பிடித்திருந்தார். கதவருகில் ஒரு நர்ஸ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

அவருக்கு மயக்கம் தெளிந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. இல்லாத பாதம் அரிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். சொறிந்துவிடச் சொன்னார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் போர்வையின் அந்தத் தட்டையான இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வரதன் வார்டுக்கு வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், நனைந்த வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகத் தேடி வந்தார். ஹனீபாதான் வார்டைச் சொல்லியிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்தார். போர்வையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிடவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு என் கணவர் முகத்தைப் பார்த்தார்.

"பாய், உங்க பூனைக்கு இனிமே ஊசி வேண்டாம்," என்றார். "தினமும் பார்த்துட்டேன். சர்க்கரை இல்லை. ரத்தமும் எடுத்துப் பார்த்தாச்சு. அதோட கணையம் மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு."

"குணமாயிடுச்சா?"

"குணம்னு சொல்லமாட்டேன். திரும்பி வந்தாலும் வரும். ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "எத்தனை நாளா வேண்டாம இருந்திருக்கும், டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்ல முடியாதும்மா. ஒரு வாரமா இருக்கலாம், ஒரு மாசமாவும் இருக்கலாம்."

தட்டுப்பாடு தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மூடியபடியே பேசினார்.

"அப்போ நான் போட்டதெல்லாம் வீணா?"

"இல்லை. அது அப்படி இல்லை," என்று டாக்டர் முன்னால் குனிந்தார். "நீங்க முதல்ல போடாம இருந்திருந்தா கோடையிலேயே செத்திருக்கும். போட்டதாலதான் தேறித்து. அப்புறம் அது எடுத்துண்டது பத்து நாளைக்கு இருபது கோடு. உங்களுக்கு அரை நாள் மருந்து. அந்த அரை நாளால இந்தக் கால் போகலை, பாய். மருந்து வராததால போச்சு. புண்ணைப் பார்க்காததால போச்சு. யார் என்ன சொன்னாலும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

தெருவில் கேட்கிறவர்களுக்கு என் பதிலும் அதுதான். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

என் கணவர் கண்ணைத் திறந்தார். "ஒண்ணாவது தப்பிச்சுதே," என்றார். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது.

"எனக்கும் அந்த மாதிரி ஒரு நாள் வருமா, டாக்டர்? ஊசியே வேண்டாம்னு?"

"நான் மாட்டு டாக்டர், பாய்."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன். இங்க இருக்கிறவங்க ஆறுதலா ஏதாவது சொல்வாங்க."

டாக்டர் வரதன் நனைந்த மேல்துண்டை மடியில் போட்டு மெதுவாகப் பிழிந்தார். தண்ணீர் தரையில் சொட்டியது.

"வராது," என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார். எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது. டாக்டர் அவருடைய கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போயிட்டு வரேன் பாய் என்று எழுந்து போனார்.

மாலை ஊசிக்கு நர்ஸ் தட்டோடு வந்தாள். கால் போனதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் தானாகப் போர்வையை விலக்கிக் குத்திவிட்டுப் போவாள். அன்று அவர் திரும்பவில்லை. ஊசியை வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். கோடுகளைப் பார்த்தார்.

"முழுசாப் போடுங்கம்மா," என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்.